குறுந்தகட்டு டிரைவின் கோளாறும் பஞ்சாயத்துப் பதிவுகளின் பாதுகாப்பும்

பஞ்சாயத்து நிருவாகத்தில் பதிவேடுகளுக்குள்ள இடம் யாவரும் அறிந்ததே. வரி விதிப்பாயினும், ஏரி குளங்களின் எல்லையாயினும், பொது நிலத்தின் அளவாயினும், ஒரு காலத்தில் எழுதி வைத்த சான்றே பின்னொரு காலத்தில் ஊரின் உரிமையைக் காக்கிறது. முன்னாளில் அச்சான்று காகிதத்தில் இருந்தது. கறையானும் மழை ஒழுக்கும் அதற்குப் பகையாக இருந்தன. கணினி கிராம அலுவலகங்களை எட்டிய பின்னர், கணக்குகளும் படங்களும் குறுந்தகடுகளில் ஏறின. கறையான் அரிக்காத இத்தகடு என்றும் நிலைத்து நிற்கும் என்று நாமெல்லோரும் நம்பினோம். இன்று அத்தகடுகள் பீரோக்களில் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் படித்துக் காட்டும் டிரைவ் என்னும் கருவி பல இடங்களில் பழுதுபட்டுக் கிடக்கிறது. புதிதாக வாங்கும் கணினிகள் பலவற்றில் அக்கருவியே இல்லை.

நாம் நேரில் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். சேலத்திற்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளியில் ஒரு சிற்றூர். அவ்வூர் ஏரியின் உபரி நீர் செல்லும் ஓடையைப் பல ஆண்டுகளுக்கு முன்னர் அளந்து, கல் நட்டு, அவ்வேலையை நாள்தோறும் படம் பிடித்து ஒரு டி.வி.டி. தகட்டில் பதித்து வைத்திருந்தார்கள். பின்னர் ஓடையின் அகலம் பற்றி ஊராரிடையே தகராறு மூண்டது. நட்ட கற்களில் சிலவற்றைக் காணவில்லை. தகட்டைப் போட்டுப் பார்க்கலாம் என்று எல்லோரும் இசைந்தார்கள். அலுவலகக் கணினியில் தகட்டை இட்டபோது டிரைவ் சுழன்றது, முனகியது, நின்றது. படம் ஒன்றும் தெரியவில்லை. வந்து பார்த்த பழுது பார்ப்பவர், டிரைவும் போய்விட்டது, தகடும் போய்விட்டது என்று கூறிச் சென்றார். ஆயினும் ஊராட்சிச் செயலர் அத்தகட்டை எறிந்துவிடவில்லை. உறையிலிட்டு மேசை அறையில் வைத்தார். அதன் பயனை இக்கட்டுரையின் முடிவில் காண்போம்.

டிரைவ் படிக்கவில்லை என்றால் பழுது எங்கே இருக்கிறது என்று முறையாகத் தேடுவது எப்படி என்பதே இப்பாடத்தின் பொருள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டுவதில்லை. பொறுமையும் ஒழுங்கும் போதும்.

நீர் இறைக்கும் மோட்டார் தரும் பாடம்

நமது வட்டாரம் பாறை நிலம். கிணறும் ஆழ்குழாய்க் கிணறும் இன்றி இங்கு வேளாண்மை இல்லை. திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிகள் இந்தியா எங்கும் சென்று துளையிடுகின்றன என்றால், அத்தொழில் இம்மண்ணின் தேவையிலிருந்து வளர்ந்ததே காரணம். ஆகவே மோட்டார் பழுதைக் கண்டறியும் முறையை நம் விவசாயிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

திறந்த கிணற்றில் மோட்டார் ஓடியும் தண்ணீர் வரவில்லை எனில், அனுபவமுள்ள விவசாயி உடனே மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டும் பட்டறைக்குக் கொண்டு செல்வதில்லை. கிணற்றில் நீர் உண்டா என்று எட்டிப் பார்க்கிறார். மூன்று பேஸ் மின்சாரமும் வருகிறதா என்று பார்க்கிறார். ஃபியூஸையும் ஸ்டார்ட்டரையும் சோதிக்கிறார். புட்வால்வில் சருகு அடைத்திருக்கிறதா, குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று ஆராய்கிறார். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் மோட்டாரின் மேல் கை வைக்கிறார்.

இம்முறையில் மூன்று விதிகள் அடங்கியிருக்கின்றன. எளிதானதையும் செலவில்லாததையும் முதலில் பார்த்தல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல். பழுது உறுதிப்படும் வரை எதையும் எறியாதிருத்தல். டிரைவுக்கும் இம்மூன்றே விதிகள்.

டிரைவ் வேலை செய்யும் விதம்

குறுந்தகடு 12 சென்டிமீட்டர் குறுக்களவும் 1.2 மில்லிமீட்டர் கனமும் உள்ள பாலிகார்பனேட் பிளாஸ்டிக் வட்டம். 1982-இல் பாட்டுத் தகடாக விற்பனைக்கு வந்தது. பின்னர் கணினிக்கும் உரியதாயிற்று. சி.டி. தகட்டில் சுமார் 700 மெகாபைட் செய்தி அடங்கும். 1996-இல் வந்த டி.வி.டி. தகட்டின் ஓர் அடுக்கில் 4.7 ஜிகாபைட் அடங்கும்.

தகட்டினுள் செய்தி நுண்ணிய புள்ளிகளாக, ஒரே சுருள் வரியாக அமைந்துள்ளது. வட்டமாக உழுது செல்லும் உழவுச் சால் என்று இதனைக் கருதலாம். ஆனால் உழவன் ஓரத்திலிருந்து உள்நோக்கி வரக்கூடும்; தகட்டின் சாலோ நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கிச் செல்கிறது. சி.டி.யில் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் 600-க்கும் மேற்பட்ட சால்கள் உள்ளன. டி.வி.டி.யில் அதே அகலத்தில் சுமார் 1,350 சால்கள். சி.டி.யின் சாலை நேராக நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் போகும்.

டிரைவில் மூன்று முக்கிய உறுப்புகள் உண்டு. தகட்டைச் சுழற்றும் மோட்டார் ஒன்று. லேசர் ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வரும் ஒளியை உணரும் லென்ஸ் பகுதி இரண்டாவது. அந்த லென்ஸ் பகுதியை நடுவிலிருந்து ஓரத்திற்குத் தண்டவாளம் போன்ற கம்பியின் மேல் நகர்த்தும் அமைப்பு மூன்றாவது. லென்ஸ் மிக மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. தகடு சற்றே ஏறி இறங்கினாலும் தானும் ஏறி இறங்கிச் சாலை விடாமல் பற்றுகிறது. ஊசி எதுவும் தகட்டைத் தொடுவதில்லை; ஒளி மட்டுமே தொடுகிறது. ஆகவே ஒளி செல்லும் வழியில் அழுக்கோ கீறலோ இருந்தால் செய்தி தடைப்படும்.

சி.டி.யைப் படிக்கும் லேசர் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. டி.வி.டி.யைப் படிப்பது சிவப்பு ஒளி. ஒரே டிரைவ் இரண்டையும் படிக்க வேண்டுமாதலால், அதில் இருவகை லேசரும் அமைக்கப்பட்டுள்ளன. இவ்வுண்மை பழுதை அறியப் பெரிதும் உதவும்.

முதற் சோதனை: பழுது தகட்டிலா, டிரைவிலா?

எல்லாச் சோதனைகளுக்கும் தலையாயது இதுவே. கிணற்றில் நீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒப்பானது. இதற்கு நல்ல நிலையில் உள்ள இன்னொரு தகடும், வேலை செய்யும் இன்னொரு டிரைவும் தேவை. கடையில் வாங்கிய பாட்டுத் தகடோ படத் தகடோ சோதனைக்கு ஏற்றது. ஆலையில் அச்சிட்ட தகடு ஒளியை நன்கு திருப்பி அனுப்பும். மீண்டும் மீண்டும் எழுதத்தக்க வகைத் தகடு மிகக் குறைவாகவே திருப்பும். தளர்ந்த டிரைவ் அதனைப் படிக்கத் தடுமாறும்.

நல்ல தகடு நம் டிரைவில் ஓடி, வேண்டிய தகடு மட்டும் ஓடவில்லையெனில், ஐயம் தகட்டின் மேல் விழும். எந்தத் தகடும் நம் டிரைவில் ஓடாமல், அதே தகடுகள் வேறிடத்தில் ஓடினால், பழுது டிரைவில் அல்லது அதன் இணைப்பில் உள்ளது. சி.டி. ஓடி டி.வி.டி. ஓடாவிடில், அல்லது இதற்கு மாறாக நேர்ந்தால், கேபிளும் மின்சாரமும் குற்றமற்றவை. லென்ஸில் அழுக்கு இருக்கலாம், அல்லது இரு லேசர்களில் ஒன்று தளர்ந்திருக்கலாம்.

இன்னொரு டிரைவுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். அரசுப் பள்ளியின் கணினி அறை, ஊரில் எவரேனும் வைத்திருக்கும் பழைய மடிக்கணினி, புகைப்பட நிலையம் ஆகியவற்றில் விசாரித்தால் கிடைக்கும்.

இரண்டாம் சோதனை: தகட்டின் உடல்நிலை

தகட்டை ஓரத்திலும் நடுத்துளையிலும் மட்டுமே விரலால் பிடித்தல் வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் விரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு, கீறல் ஆகியவை தெரியும். நடுத்துளையிலிருந்து விரிசல் ஓடியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வேகமான டிரைவ்கள் சி.டி.யை நிமிடத்திற்குச் சுமார் 10,000 சுற்று வரை சுழற்றும். விரிசலுள்ள தகடு உள்ளேயே சிதறி டிரைவையும் அழித்துவிடும். அத்தகைய தகட்டை டிரைவில் இடவே கூடாது.

அழுக்குத் தகட்டைத் தூய நீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியால் துடைக்கலாம். பிசுக்கு போகாவிடில் நீரில் ஒரு துளி சோப்புக் கரைசல் சேர்க்கலாம். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் ஆகியவற்றை அணுக விடலாகாது. அவை பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். துடைக்கும்போது வட்டமாகத் துடைத்தல் தவறு. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. சாலுக்குக் குறுக்கே விழும் சிறு கீறலை டிரைவ் தானே கணக்கிட்டுச் சரி செய்துகொள்ளும். தகட்டில் செய்தியோடு திருத்தக் குறிப்புகளும் பதிந்துள்ளன. ஆனால் சாலின் போக்கிலேயே நெடுகச் செல்லும் கீறல் தொடர்ச்சியாகப் பல புள்ளிகளை மறைத்துவிடும். அப்போது திருத்தக் குறிப்புகளும் உதவா.

பெயர் எழுதிய மேற்புறம் பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகிறார்கள். சி.டி.யைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது. செய்தி அடுக்கு மேற்புறத்துக்கு மிக அருகில், மெல்லிய பூச்சின் கீழ்தான் இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலும், ஒட்டிய காகிதத்தைப் பிய்த்தாலும் செய்தி அடுக்கே போய்விடும். டி.வி.டி.யில் அவ்வடுக்கு இரு பிளாஸ்டிக் பகுதிகளுக்கு நடுவே இருப்பதால் சற்றுப் பாதுகாப்பு அதிகம்.

கணினியில் நாமே எழுதிய தகட்டில் செய்தி ஒருவகைச் சாயத்தில் பதிகிறது. துணிச் சாயம் வெயிலில் வெளுப்பது போலவே இச்சாயமும் ஒளியாலும் வெப்பத்தாலும் மங்கும். சித்திரை வெயிலில் சன்னலோரத்திலோ வண்டியின் முன்புறத்திலோ கிடந்த தகடு, கீறல் ஒன்றுமின்றியே படிக்க இயலாததாகிவிடக் கூடும்.

மூன்றாம் சோதனை: மின்சாரமும் இணைப்பும்

டிரைவின் பொத்தானை அழுத்தும்போது விளக்கு எரிகிறதா, தட்டு வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் நிகழ்ந்தால் டிரைவுக்கு மின்சாரம் வருகிறது என்பது உறுதி. இரண்டும் இல்லையெனில் மின் இணைப்பைச் சோதிக்க வேண்டும்.

மேசைக் கணினியைத் திறக்குமுன் சுவிட்சை அணைத்து, மின் கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். இரும்புப் பெட்டியை ஒருமுறை கையால் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக் கொள்வது நன்று. டிரைவின் பின்புறம் இரண்டு இணைப்புகள் இருக்கும். ஒன்று மின்சாரத்திற்கு, மற்றொன்று செய்திக்கு. இரண்டையும் கழற்றி மீண்டும் உறுதியாகப் பொருத்த வேண்டும். அகன்ற பட்டைக் கேபிள் உள்ள பழைய டிரைவ்களில் 40 முனைகள் உண்டு. செருகும்போது முனை வளையாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். ஒரே பட்டையில் இரண்டு கருவிகள் இருந்தால், ஒன்று மாஸ்டர் என்றும் மற்றொன்று ஸ்லேவ் என்றும் சிறு செருகியால் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். சாட்டா எனப்படும் பிந்திய வகையில் கேபிள் குறுகலானது. இக்குறிப்பு அதற்குத் தேவையில்லை. தட்டு ஒழுங்காகத் திறந்து மூடியும் கணினி டிரைவை அறியவில்லையெனில், செய்திக் கேபிளை மாற்றிப் பார்ப்பதே அடுத்த படி. இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

யூ.எஸ்.பி. வழியாக வெளியிலிருந்து இணைக்கும் டிரைவில் மின்சாரப் போதாமையே அடிக்கடி நேரும் குறை. தகடு சுழலத் தொடங்கி உடனே நின்றுவிட்டால் இக்குறை என்று கொள்ளலாம். முன்புறத் துளையை விட்டுக் கணினியின் பின்புறத் துளையில் செருக வேண்டும். கேபிளில் இரண்டு செருகிகள் இருந்தால் இரண்டையும் செருக வேண்டும்.

நான்காம் சோதனை: கணினி டிரைவை அறிகிறதா?

கணினியை இயக்கியவுடன், விண்டோஸ் தொடங்குமுன், பயாஸ் என்னும் அடிப்படைத் திரையில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைக் காணலாம். அங்கே டிரைவின் பெயர் இல்லையெனில் பழுது கேபிளிலோ டிரைவிலோ உள்ளது. அங்கே பெயர் இருந்து விண்டோஸில் மட்டும் இல்லையெனில் பழுது கருவியில் இல்லை, மென்பொருளில் இருக்கிறது. அந்நிலையில் புதிய டிரைவ் வாங்குவது பொருளை வீணாக்குவதாகும்.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் என்ற பகுதியைத் திறந்தால் டிரைவின் பெயர் மேல் மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி தோன்றக்கூடும். அப்பெயரை அங்கிருந்து நீக்கிவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்கினால், விண்டோஸ் டிரைவைப் புதிதாகக் கண்டு தானே அமைத்துக் கொள்ளும். பெரும்பாலும் இதுவே போதும். தகடு எழுதும் பழைய மென்பொருள்களை நிறுவி நீக்கிய கணினிகளில், அவை விட்டுச் சென்ற குறிப்புகள் டிரைவை மறைப்பதுண்டு. அப்பர் ஃபில்டர்ஸ், லோயர் ஃபில்டர்ஸ் என்று பெயர் கொண்ட அக்குறிப்புகளைப் பதிவேட்டிலிருந்து நீக்குவது பயிற்சி உள்ளவரின் வேலை. ஆயினும் இப்படி ஒரு காரணம் உண்டு என்பதை நாம் அறிந்திருந்தால், அவரிடம் குறிப்பிட்டுக் கேட்கலாம்.

ஐந்தாம் சோதனை: தட்டும் லென்ஸும்

தட்டு திறக்கவில்லையெனில் நெம்புதல் கூடாது. டிரைவின் முகப்பில் குண்டூசித் துளை ஒன்று இருக்கும். கணினியை அணைத்து, தகட்டின் சுழற்சி நின்ற பிறகு, நேராக்கிய காகிதக் கிளிப்பை அதில் செலுத்தி மெல்ல அழுத்தினால் தட்டு சிறிது வெளியே வரும். பின்னர் கையால் இழுக்கலாம். உள்ளே தங்கிய தகட்டை இவ்வாறு மீட்கலாம். மேசைக் கணினி டிரைவில் தட்டை நகர்த்துவது பெரும்பாலும் சிறிய ரப்பர் பெல்ட். மாவு அரைக்கும் யந்திரத்தின் பெல்ட் தளர்ந்தால் வழுக்குவது போல இதுவும் நாள்பட வழுக்கும். பெல்ட்டை மாற்றினால் டிரைவ் மீண்டும் பயன்படும்.

அடுத்தது லென்ஸின் மேல் படியும் தூசி. நமது சமவெளியில் தூசிக்குக் குறைவில்லை. சேலத்தைச் சார்ந்த பகுதிகளில் வெள்ளைக்கல் என வழங்கும் மாக்னசைட் தூள்; ஜவ்வரிசி ஆலைகள் உள்ள ஊர்களில் மெல்லிய மாவுத் தூள்; இளம்பிள்ளை, பள்ளிபாளையம், குமாரபாளையம் ஆகிய இடங்களில் விசைத்தறிப் பஞ்சு; நாமக்கல் வட்டாரத்தில் கோழித் தீவனத் தூள். கணினியின் விசிறி காற்றை உள்ளிழுக்கும்போது இவையும் உள்ளே வருகின்றன.

மடிக்கணினி டிரைவில் தட்டைத் திறந்தவுடன் லென்ஸ் கண்ணுக்குத் தெரியும். மின்சாரத்தை அணைத்து, கையால் அமுக்கும் ரப்பர் ஊதுகுழலால் தூசியைப் போக்கலாம். பிசுக்கு இருந்தால், பஞ்சு சுற்றிய குச்சியை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் இலேசாக நனைத்து, கண்ணிமையைத் தொடுவது போல் ஒருமுறை தொட்டு எடுக்க வேண்டும். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது என்பதை மறத்தல் கூடாது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். லாரிப் பட்டறைகளிலும் பஞ்சர் கடைகளிலும் உள்ள கம்ப்ரஸர் காற்றைக் காட்டும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அக்காற்றில் எண்ணெயும் ஈரமும் கலந்திருக்கும்; அதன் வேகம் லென்ஸைப் பிய்த்துவிடும். அதனை அறவே தவிர்க்க வேண்டும்.

மேசைக் கணினி டிரைவில் லென்ஸ் மூடிக்குள் இருக்கிறது. மூடியைக் கழற்றுவதாயின் டிரைவைக் கணினியிலிருந்து முழுமையாகப் பிரித்த பின்னரே செய்ய வேண்டும். திறந்த டிரைவுக்கு மின்சாரம் கொடுத்து லென்ஸை உற்று நோக்குதல் பெருந்தவறு. சி.டி. லேசர் கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

படிக்கிறது, ஆனால் விளங்கவில்லை

சில வேளைகளில் டிரைவும் தகடும் குற்றமற்றிருக்க, நாம் அவற்றின் மேல் பழி சுமத்துகிறோம். இதில் மூன்று வகைகளைக் குறிப்பிடலாம்.

தகட்டில் எழுதி முடித்ததும் அதனை முடித்து மூடும் கட்டளை ஒன்று உண்டு. அதனைச் செய்யாமல் எடுத்த தகடு, எழுதிய கணினியில் மட்டும் திறக்கும். பிற கணினிகளில் வெறுமையாகத் தோன்றலாம். எழுதிய கணினி இன்னும் இருந்தால் அதில் போட்டுப் பார்த்தல் வேண்டும்.

விண்டோஸ் 8 முதற்கொண்டு, டி.வி.டி. படத்தை ஓட்டும் வசதி விண்டோஸுடன் இயல்பாக வருவதில்லை. தகட்டில் உள்ள கோப்புகள் தெரிந்தும் படம் ஓடவில்லையெனில், வி.எல்.சி. போன்ற இலவச மென்பொருளை நிறுவினால் ஓடும்.

மூன்றாவது, தமிழ் எழுத்து பற்றியது. பழைய தகட்டில் உள்ள கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குழப்பமாகத் தெரிவதுண்டு. தகடு கெட்டுவிட்டது என்று இதனைக் கொள்ளலாகாது. அக்காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனி எழுத்துருக்களைக் கையாண்டன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்து டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகள் வந்தன. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை ஏற்றது. முந்திய முறையில் எழுதிய கோப்புக்கு அதற்குரிய எழுத்துருவை நிறுவினால் தமிழ் தெளிவாகத் தெரியும். பின்னர் எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். எத்தனையோ தீர்மான நகல்கள் இந்த ஒரு காரணத்தால் பயனற்றவை என்று ஒதுக்கப்பட்டிருக்கக் கூடும்.

எப்போது நிறுத்த வேண்டும்?

இவ்வைந்து சோதனைகளுக்குப் பின்னும் டிரைவ் எந்தத் தகட்டையும் படிக்கவில்லையெனில், லேசரோ மோட்டாரோ தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டலாம். அதனைச் செப்பனிட ஆகும் கூலி புதிய டிரைவின் விலையை எட்டிவிடும். புதியது வாங்குவதே சிக்கனம். யூ.எஸ்.பி. வகை டிரைவ் ஒன்றை வாங்கினால் எந்தக் கணினியிலும் பொருத்தலாம். அண்டைப் பஞ்சாயத்துகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒன்றை வாங்கி முறை வைத்து உபயோகிப்பதும் தக்கதே. ஏனெனில் டிரைவ் நமக்கு நாள்தோறும் வேண்டிய சாதனமன்று. தகடுகளில் உள்ளவற்றை வெளியே எடுக்கும் வரை வேண்டியது, அவ்வளவே.

டிரைவ் வேலை செய்யத் தொடங்கியவுடன் செய்ய வேண்டியது

அறுவடைக் காலத்தில் வானம் தெளிந்த ஒரு நாள் கிடைத்தால் விவசாயி களத்தைக் காலி செய்யாமல் உறங்குவதில்லை. டிரைவ் வேலை செய்யும் நாளும் அத்தகையதே. தகட்டைக் கண்டு மகிழ்ந்து மீண்டும் பீரோவில் வைத்துவிடாமல், அன்றே எல்லாவற்றையும் கணினிக்குப் படியெடுக்க வேண்டும்.

முதலில் இன்றியமையாத கோப்புகளைப் படியெடுக்க வேண்டும். ஒரு கோப்பில் டிரைவ் தடுமாறி நின்றால் அதனை விட்டு மற்றவற்றை எடுத்து முடித்து, பின்னர் அதற்குத் திரும்ப வேண்டும். ஒரு டிரைவ் படிக்காததை மற்றொரு டிரைவ் படிப்பதுண்டு. ஆகவே இரண்டு மூன்று டிரைவ்களில் முயலுதல் வேண்டும். படியெடுத்த பின் கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் தகட்டில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, சிலவற்றைத் திறந்தும் காண வேண்டும்.

ஒரு படி போதாது. கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, அலுவலகத்துக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் ஒன்று என மூன்று இருத்தல் நன்று. பென் டிரைவை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. எந்தச் சாதனமும் என்றும் நிலைப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய சாதனத்துக்கு மாற்றுவதே நிலைத்த பாதுகாப்பு. விதை நெல்லை ஆண்டுதோறும் விதைத்துப் புதுப்பிப்பதும் இதுவும் ஒன்றே. படியெடுத்த பிறகும் மூலத் தகட்டை எறியாமல், தேதியும் பொருளும் எழுதிய உறையிலிட்டு, வெயில் படாத பீரோவில் நிமிர்த்தி வைத்தல் வேண்டும்.

விவசாயக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். திருமணப் படங்கள், மருத்துவ ஸ்கேன் படங்கள், பயிற்சிகளில் பெற்ற தகடுகள் ஆகியவை பல வீடுகளில் உள்ளன. முந்திய ஸ்கேன் தகட்டை மருத்துவர் கேட்கும் நாளில் டிரைவைத் தேடி அலைவதைவிட, இப்போதே படியெடுத்துக் கொள்வது அறிவுடைமை.

ஓடைத் தகடு

தொடக்கத்தில் கூறிய ஊரின் செய்திக்கு வருவோம். செயலர் மறுநாள் ஒரு பாட்டு சி.டி.யை அலுவலக டிரைவில் இட்டார், அது ஓடியது. கடையில் வாங்கிய டி.வி.டி. ஒன்றை இட்டார், அது தடுமாறியது. ஆகவே டிரைவ் முழுவதும் போய்விடவில்லை, டி.வி.டி. படிக்கும் திறன் மட்டுமே தளர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. லென்ஸைத் துடைத்தும் பயனில்லை. பின்னர் ஓடைத் தகட்டை வெளிச்சத்தில் பார்த்தபோது அதன் மேல் விரல் ரேகைகள் அடர்ந்திருந்தன. அதனை நீரால் துடைத்து, பள்ளியில் இருந்த ஒரு பழைய கணினியில் இட்டார்கள். நெடுநேரம் சுழன்ற பின் படங்களின் பட்டியல் தோன்றியது.

படங்கள் அனைத்தும் கிடைத்துவிடவில்லை. கடைசி நாளில் எடுத்தவற்றில் பல திறக்கவில்லை. தகட்டில் கடைசியாக எழுதியது ஓரத்தில் இருக்கும். விரல் படுவதும், பிறவற்றோடு உராய்வதும் ஓரத்தில்தான். ஆயினும் அளவுச் சங்கிலி பிடித்து நிற்கும் ஊராரும், நட்ட கற்களும், அருகிலிருந்த புளியமரமும் தெரியும் படங்கள் கிடைத்தன. அவற்றைக் கொண்டு பெரும்பாலான கற்களின் இடத்தை இரு தரப்பாரும் ஒப்புக்கொண்டார்கள். படம் கிடைக்காத கடைக்கோடிப் பகுதிக்கு மட்டும் மறுபடியும் அளவு வேண்டியதாயிற்று. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே படியெடுத்திருந்தால் அதற்கும் தேவை இருந்திராது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்கது

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்கள் கிராம சபைக் கூட்டங்களுக்கு உரியவையாகக் குறிக்கப்பட்டுள்ளன. இவற்றுள் அடுத்து வரும் ஒரு கூட்டத்தில் இப்பொருளை எடுத்துக் கொள்ளலாம். அலுவலகத்தில் உள்ள தகடுகளுக்குப் பட்டியல் தயாரித்தல், படிக்கக்கூடியவை எவை என்று சோதித்தல், ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் படியெடுத்தல், அதற்குப் பொறுப்பாளரை நியமித்தல் ஆகிய நான்கையும் தீர்மானமாக எழுதி வைத்தால் வேலை நடைபெறும். ஊரில் கணினி பயிலும் இளைஞர்களும் மாணவிகளும் இதில் ஆர்வத்துடன் உதவுவார்கள்.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. நமது பஞ்சாயத்து அலுவலகத்தில் எத்தனை தகடுகள் உள்ளன? அவற்றில் என்ன இருக்கிறது என்று எழுதப்பட்டுள்ளதா?

2. சி.டி. ஓடி டி.வி.டி. ஓடாத டிரைவில் பழுது எங்கே இருக்கக்கூடும்? கேபிளைக் குறை கூறலாமா?

3. பயாஸில் தெரியும் டிரைவ் விண்டோஸில் தெரியாவிடில், புதியது வாங்குமுன் செய்ய வேண்டியது யாது?

4. தகட்டை வட்டமாகத் துடைத்தல் ஏன் கூடாது?

5. நம் ஊர் ஏரி, ஓடை, பொது நிலம் பற்றிய சான்றுகளில் ஒரே ஒரு படியாக மட்டும் இருப்பவை எவை?

ஐந்தாம் வினாவுக்கு உரிய விடையை முதலில் தேடுமாறு கேட்டுக் கொள்கிறோம்.